செய்யாது விட்ட கடமையும் மீண்டும் வரும் பிறவியும்: யூத மறைஞானத்தில் கில்குல் கோட்பாடு

முன்னுரை

மறுபிறப்பு என்றதும் இந்து, பௌத்த, சமண சமயங்களையும், மேலை மரபில் பைதாகரஸ், பிளேட்டோ ஆகியோரையும் நினைவுகூர்வது இயல்பு. யூதம், கிறித்துவம், இசுலாம் ஆகியவை ஒரே பிறவியையும் இறுதித் தீர்ப்பையும் நம்புவன என்பதும், இந்திய மண்ணில் தோன்றியவை பிறவிச் சுழலை நம்புவன என்பதும் ஒப்பியல் சமய வகுப்புகளில் தொடக்கத்திலேயே சொல்லப்படும் பாகுபாடாகும். இப்பாகுபாடு பெருமளவு பொருந்துவதே. ஆயினும், யூத சமயத்திற்குள் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாக மறுபிறப்புக் கோட்பாடு ஒன்று உயிர்ப்புடன் வழங்கி வருகின்றது என்னும் உண்மையை அது மறைத்துவிடுகின்றது.

எபிரேய மொழியில் இக்கோட்பாட்டிற்குக் 'கில்குல்' என்று பெயர். உருளுதல், சுழலுதல் என்னும் பொருள் தரும் வேரிலிருந்து பிறந்த சொல் இது. சக்கரத்தைக் குறிக்கும் 'கல்கல்' என்பதும் அவ்வேரைச் சார்ந்ததே. இதனோடு இணைத்துப் பேசப்படும் மற்றொரு சொல் 'திக்குன்'. பழுதுற்றதைச் சீர்செய்தல், குறையை நிறைவாக்குதல் என்பது அதன் பொருள். முன்னதை மறுபிறப்பு என்றும் பின்னதை வீடுபேறு என்றும் தமிழில் பெயர்த்துவிட்டால் பொருள் விளங்கிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் குழப்பம் அங்கேதான் தொடங்குகின்றது. நமது சமய நூல்களில் உயிரைப் பிறவிக்குள் இழுப்பது அது செய்த வினை. கப்பாலா எனப்படும் யூத மறைஞானத்திலோ, தீவினையோடு, செய்யாது விடப்பட்ட கடமையும் உயிரைத் திரும்ப அழைத்து வருகின்றது. அம்மரபு வளர வளர இரண்டாவதே முதன்மை பெற்றது. இக்கட்டுரை அவ்வளர்ச்சியையும் அதனால் எழுந்த சிக்கல்களையும் எடுத்துரைக்க முற்படுகின்றது.

மறைநூலும் தொடக்ககால மறுப்பும்

எபிரேய மறைநூலில் மறுபிறப்பு வெளிப்படையாகப் பேசப்படவில்லை. அதன் பழைய பகுதிகளில் இறந்தோர் பாதாளத்திற்கு இறங்குகின்றனர். பிற்காலப் பகுதிகளில் உயிர்த்தெழுதல் பற்றிய நம்பிக்கை தென்படுகின்றது. தால்முத் அறிஞர்களும் மறுபிறப்பை ஒரு கோட்பாடாக வகுத்துரைத்தாரல்லர். பரிசேயர்கள் நல்லோரின் உயிர் வேறோர் உடலுக்குச் செல்லும் என நம்பியதாக முதல் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதியுள்ளார். எனினும் அது உயிர்த்தெழுதலைக் கிரேக்க வாசகர்க்கு ஏற்ற நடையில் கூறியதே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

கோட்பாடு தெளிவாக முகங்காட்டும் முதல் இடம் ஒரு மறுப்புரை என்பது சுவையான செய்தி. பாபிலோனிய யூதர்களின் தலைமை அறிஞராக விளங்கிய சாதியா காவோன் (882–942), அரபு மொழியில் தாம் இயற்றிய 'நம்பிக்கைகளும் கருத்துகளும்' என்னும் நூலின் ஆறாம் பகுதியில், யூதர் எனத் தம்மை அழைத்துக்கொள்வோர் சிலர் உயிர் உடல்விட்டு உடல் பாயும் என்று நம்புவதாகக் குறிப்பிட்டு, அதனை அறிவற்ற பிதற்றல் என ஒதுக்குகின்றார். அவர் எதிர்கொண்ட வாதங்களுள் ஒன்று இன்றும் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைப்பது. பாவமறியாக் குழந்தை நோயால் துன்புறுவது ஏன்? நீதியுள்ள இறைவன் காரணமின்றி வருத்துவானா? முற்பிறவிப் பாவமே காரணம் என்றனர் எதிர்த்தரப்பினர். குழந்தையின் துன்பத்திற்கு இறைவன் மறுமையில் ஈடு செய்வான் என்பது சாதியாவின் விடை. பின்னர் மைமோனிதெஸ் (1138–1204) வகுத்த பதின்மூன்று நம்பிக்கைக் கூறுகளுள் உயிர்த்தெழுதல் இடம்பெற்றது, மறுபிறப்பு இடம்பெறவில்லை.

பாஹிர் முதல் ஸோஹார் வரை

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் தென்பகுதியில் வெளிப்பட்ட 'பாஹிர்' என்னும் சிறுநூல் நிலைமையை மாற்றியது. கப்பாலா மரபின் முதல் நூலாகக் கருதப்படும் இதில் கில்குல் என்னும் சொல் இல்லை. ஆனால் கருத்து உள்ளது. நல்லவன் துன்புறுவதும் தீயவன் வாழ்வதும் ஏன் என்ற வினாவிற்கு அந்நூல் ஓர் உவமையால் விடை கூறுகின்றது. ஒருவன் திராட்சைத் தோட்டம் இட்டான். காய்த்த கனிகள் புளித்தன. அவற்றைக் களைந்து மீண்டும் நட்டான். மறுபடியும் புளித்தன; மறுபடியும் நட்டான். எத்தனை முறை என்று கேட்டால், ஆயிரம் தலைமுறை வரை என்கின்றது நூல். இன்று நல்லவனாகத் தோன்றுபவன் முன்பு புளித்த கனியாக இருந்தவன் என்பது குறிப்பு. இவ்வுவமையில் பயிரைத் தண்டிக்கும் நோக்கம் எங்கும் இல்லை என்பது கருதத்தக்கது. நல்ல கனி வேண்டும் என்னும் உழவனின் விருப்பமே மீண்டும் நடுவதற்குக் காரணம்.

அடுத்த நூற்றாண்டில் ஸ்பெயினின் ஜெரோனா நகரத்து அறிஞர் நாஹ்மனிதெஸ் (1194–1270) யோபு நூலுக்கு எழுதிய உரையில் இக்கருத்தை ஒரு மறைபொருளாகச் சுட்டினார். நேர்மையாளனாகிய யோபு துன்புற்றது ஏன் என்பதற்கு அவன் நண்பர் மூவரும் கூறிய விடைகள் பொருந்தவில்லை. நான்காமவனாகிய எலிகூ, இறைவன் மனிதனிடம் இருமுறையும் மும்முறையும் இவ்வாறு செய்வதாகக் கூறுகின்றான். மறைஞானியர் அந்த எண்ணிக்கையைப் பிறவிகளின் எண்ணிக்கையாகக் கொண்டனர்.

கோட்பாடு வேரூன்றிய இடம் ஒரு திருமணச் சட்டம் என்பதை இங்குச் சற்று விரித்துரைக்க வேண்டும். உபாகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரப்படி, ஒருவன் பிள்ளையின்றி இறந்தால் அவன் சகோதரன் அவ்விதவையை மணக்க வேண்டும். பிறக்கும் தலைமகன் இறந்தவனின் பெயரை நிலைநிறுத்துவான். சட்டத்தின் நோக்கில் இது குடும்பப் பெயரையும் உரிமையையும் காக்கும் ஏற்பாடு. மறைஞானியரோ, இறந்தவனின் உயிரே அக்குழந்தையாகத் திரும்பி வருகின்றது என்றனர். பலுகிப் பெருகுக என்பது மனிதனுக்குத் தரப்பட்ட முதல் கட்டளை. அதனை நிறைவேற்றாது இறந்தவனின் உயிர் உலகை விட்டு முழுமையாகச் செல்ல இயலாது. விட்ட பணியை முடிக்கத் திரும்ப வேண்டும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் காஸ்டீலில், பெரும்பாலும் மோசே தெ லெயோன் என்பவரைச் சூழ்ந்த வட்டத்தில் உருவான 'ஸோஹார்' நூலில், முதியவர் ஒருவர் புதிர்களாகப் பேசும் நீண்ட பகுதி ஒன்று இதனையே ஆராய்கின்றது. மனைவி தாயாகின்றாள், தம்பி தந்தையாகின்றான், அந்த உயிர் நாணமும் வருத்தமும் கொள்கின்றது. ரூத்தின் மகனாகப் பிறந்த ஓபேத்தை, அவளுடைய முதற்கணவன் மக்லோனின் மீள்வருகையாகக் கொண்டதும் இவ்வாறே. பிள்ளை ரூத்துக்குப் பிறந்திருக்க, நகோமிக்கு மகன் பிறந்தான் என்று அண்டை வீட்டுப் பெண்கள் கூறியதாக மறைநூல் சொல்வது இதனாலேதான் என்றனர்.

ஆகவே யூத மரபில் மறுபிறப்பின் தொடக்ககால எடுத்துக்காட்டு, கொலைகாரனோ கள்வனோ அல்லன். பிள்ளையின்றி இறந்த ஓர் எளிய மனிதன். பாலியல் நெறி பிறழ்ந்தோரும் உடன் பேசப்பட்டனர் என்பது உண்மையே. எனினும், நிறைவேறாத கட்டளையே பிறவிக்கு வித்து என்னும் எண்ணம் இங்கேயே அமைந்துவிட்டது.

லூரியாவின் விளக்கம்

1492ஆம் ஆண்டு ஸ்பெயினிலிருந்து யூதர்கள் வெளியேற்றப்பட்டனர். அடுத்த தலைமுறைகளில் கலிலேயாவின் ஸஃபேத் என்னும் மலைநகரம் கப்பாலா அறிஞர்களின் உறைவிடமாயிற்று. 1534இல் எருசலேமில் பிறந்து எகிப்தில் வளர்ந்த ஐசக் லூரியா, 1570இல் ஸஃபேத் வந்தார். 1572இல் கொள்ளைநோயால் மறைந்தார். இரண்டரை ஆண்டுக்கும் குறைவான அக்காலத்தில் அவர் வாய்மொழியாகக் கற்பித்தவற்றை மாணவர் ஹயிம் விட்டால் (1542–1620) எழுத்தில் தொகுத்தார். விட்டாலின் மகன் சாமுவேல் ஒழுங்குபடுத்திய 'கில்குல்களின் வாயில்' என்னும் நூலே இக்கோட்பாட்டின் முழுமையான விளக்கமாக இன்றளவும் பயிலப்படுகின்றது.

லூரியாவின் படைப்புக் கதை உடைவிலிருந்து தொடங்குகின்றது. எல்லையற்ற இறைவன் தன்னைச் சுருக்கி உலகுக்கு இடம் தந்தான். அவ்விடத்தில் பாய்ந்த ஒளியைத் தாங்க அமைந்த கலங்கள் தாங்கமாட்டாது உடைந்தன. ஒளிப்பொறிகள் சிதறி, ஓடுகள் எனப்படும் இருட்பொருள்களுக்குள் சிக்கின. முதல் மனிதன் ஆதாம் அவற்றைச் சீர்செய்திருக்க வேண்டும். அவன் தவறியதால் அவனும் சிதறினான். எல்லா மனித உயிர்களும் அவனுடைய உயிரின் உறுப்புகளாக இருந்தவையே. யூத மரபு உடலுக்கு 248 உறுப்புகளும் 365 நரம்புகளும் எனக் கணக்கிடுகின்றது. இரண்டும் சேர்ந்தால் 613. தோராவின் கட்டளைகளும் 613. ஒவ்வொரு கட்டளையும் உயிரின் ஓர் உறுப்பைச் சீராக்குகின்றது. ஒரு கட்டளை விடுபட்டால் ஓர் உறுப்பு ஊனமாகவே நிற்கும்.

இவ்விடத்தில் லூரியா மரபு செய்யும் நுட்பமான பாகுபாடு ஒன்று உண்டு. நிறைவேற்ற வாய்ப்பிருந்தும் ஒருவன் விட்டுவிட்ட கட்டளைக்காக அவன் கில்குலாக, அதாவது கருவிலிருந்தே புதிய உடலோடு, பிறக்க வேண்டும். வாய்ப்பே கிட்டாத கட்டளைகள் உண்டு. தலைமகனை மீட்கும் சடங்கைச் செய்யத் தலைமகன் பிறந்திருக்க வேண்டுமல்லவா? அத்தகைய குறைக்கு 'இப்பூர்' போதும். கருவுறுதல் என்னும் பொருளுடைய இச்சொல், இறந்தவரின் உயிர் வாழும் மனிதர் ஒருவருள் சிலகாலம் தங்குவதைக் குறிக்கும். அவர் அக்கட்டளையைச் செய்கையில் விருந்தாக வந்த உயிரும் பயன்பெற்று நீங்கும். தமிழ் வாசகர் இதனைப் பேய்பிடித்தலோடு ஒன்றாக்கிவிடலாகாது. தீய உயிர் ஒருவரைப் பற்றுவதற்கு அம்மரபில் 'திப்புக்' என்னும் வேறு பெயர் வழங்குகின்றது. இப்பூரில் வருவது பெரும்பாலும் நல்லுயிர்; தங்கியிருப்பவர்க்கும் அது துணைபுரியும்.

உயிரும் ஒற்றைப் பொருளன்று. உடலோடு ஒட்டிய நெஃபெஷ், அதன் மேலான ரூவாஹ், அதனினும் மேலான நெஷாமா என்பன முதல் மூன்று நிலைகள். அவற்றுக்கும் மேலாக இரு நிலைகள் உண்டு. மனிதன் பிறக்கையில் நெஃபெஷ் மட்டுமே கிட்டுகின்றது. அதைச் சீராக்கிய பின்னரே அடுத்தது வரும். அதற்குப் பெரும்பாலும் வேறு பிறவி வேண்டும். ஒரே உயிரின் வெவ்வேறு பகுதிகள் வெவ்வேறு உடல்களில் சீரடைகின்றன. இவ்வமைப்பு ஒரு பழைய சிக்கலையும் தீர்த்து வைத்தது. ஓர் உயிர் பல உடல்களில் வாழ்ந்திருந்தால், உயிர்த்தெழும் நாளில் அது எவ்வுடலில் எழும்? ஒவ்வோர் உடலும் தன்னில் சீரடைந்த உயிர்ப்பகுதியோடு எழும் என்பது லூரியா மரபின் விடை. எந்த உடலும் வீணாகக் கழற்றியெறியப்பட்ட சட்டையன்று.

பிறவிகளுக்கு எல்லையும் உண்டு. மூன்று முறை வந்தும் சிறிதும் திருந்தாத தீயோனுக்கு அதன்மேல் வாய்ப்பில்லை. ஏதேனும் ஒரு சிறு திருத்தம் செய்திருந்தால், ஆயிரம் தலைமுறை வரையிலும் திரும்பி வரலாம். தீயோர் விலங்காகவும் மரமாகவும் கல்லாகவும் பிறப்பர் என்ற கருத்தும் இம்மரபில் உண்டு. பெண்களின் உயிர்கள் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை என்றும் நூல் கூறுகின்றது. தோராவைக் கற்கும் கடமை ஆண்களுக்கே விதிக்கப்பட்டதால், ஆணைக் கெகன்னா என்னும் நரகம் தீண்டாது, அவனுக்குப் பிறவியே கழுவாய். பெண்ணுக்குக் கெகன்னாவே கழுவாயாகிவிடும் என்பது காரணம். இக்கால வாசகர்க்கு உறுத்தும் கருத்துதான். ஆயினும் பிறவி என்பது கடமையைத் தொடர்ந்தே வருகின்றது என்னும் அடிப்படையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் அந்நூலில் வேறில்லை.

வினைக் கோட்பாட்டோடு ஒப்பிடுகையில்

இரு மரபுகளையும் வேறுபடுத்த, நம்முடையதில் வினை தானே பயன்தரும், அவர்களுடையதில் இறைவன் தீர்ப்பளிக்கின்றான் என்று கூறுவோர் உண்டு. சைவ சித்தாந்தம் அறிந்தோர் இதனை ஏற்கமாட்டார். சடமாகிய வினையை உரிய உயிரோடு கூட்டுவிப்பவன் இறைவனே என்பது சித்தாந்தத் துணிபு. உண்மையான வேறுபாடு நல்வினையைப் பற்றியது. சித்தாந்தத்தில் நல்வினை, தீவினை இரண்டுமே விலங்குகள். ஒன்று பொன்னால் ஆயது, மற்றது இரும்பால் ஆயது. இரண்டின்பாலும் பற்றற்று நோக்கும் இருவினையொப்பு வாய்த்த பின்னரே அருள் பதிகின்றது. கப்பாலாவில் செய்யப்பட்ட கட்டளை ஒருபோதும் விலங்காவதில்லை. அது ஓர் உறுப்பை நிறைவாக்கி, ஒளிப்பொறி ஒன்றையும் விடுவிக்கின்றது.

மற்றொன்று, மலங்களுள் ஆணவம் உயிருக்கு அனாதியே உள்ளது. லூரியாவின் உடைவோ ஒரு நிகழ்ச்சி. அதற்கு முன்பு ஒரு நிலையும், பின்பு முடிவும் உண்டு. அங்குத் தூய்மை பெறுவது தனி உயிர் மட்டுமன்று. ஆதாமின் உயிரே முழுமையுற வேண்டும். ஆகையால் ஒருவனின் குறை மற்றவனுக்கும் குறையே. எனவே திக்குனை வீடுபேறு என்று பெயர்ப்பது பொருந்தாது. சீரமைப்பு, நிறைவாக்கம் என்பன ஓரளவு பொருந்தும். இப்பூருக்கு நேரான தமிழ்ச்சொல் இல்லை. ஒலிபெயர்த்து வழங்குவதே தக்கது.

ஆம்ஸ்டர்டாமில் எழுந்த வழக்கு

இக்கோட்பாடு மறைஞானியரின் அறைக்குள் நின்றுவிடவில்லை. ஸ்பெயினிலும் போர்த்துக்கலிலும் கட்டாயத்தால் கிறித்துவராக்கப்பட்ட யூதர்களின் வழித்தோன்றல்கள், பதினேழாம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் தம் பழைய சமயத்திற்குத் திரும்பினர். அவர்களின் பெற்றோரும் உற்றாரும் பலர் லிஸ்பனிலும் செவில்லிலும் கிறித்துவராகவே வாழ்ந்து மறைந்தவர்கள். உணவு விதியையோ ஓய்வுநாளையோ கடைப்பிடிக்க அவர்களுக்கு வழியிருந்ததில்லை. அவ்வுயிர்களின் கதி என்ன?

1630களின் நடுப்பகுதியில் இவ்வினா வெளிப்படையான பூசலாயிற்று. மூத்த ரபியாகிய சவுல் லேவி மொர்த்தைரா, மனந்திரும்பாது இறந்த கொடும்பாவிகளுக்கு முடிவற்ற தண்டனை உண்டு எனப் போதித்தார். இளைஞர் சிலர் அதனை எதிர்த்தனர். அவர்கள் பக்கம் நின்றவர் ஐசக் அபோஆப் தா ஃபொன்சேக்கா (1605–1693). இஸ்ரவேலின் எந்த உயிரும் ஆதாமின் உயிரிலிருந்து அறுபட்டுப் போவதில்லை. தவறியது மீண்டும் பிறந்து தன் குறையை நிறைவாக்கும் என்று கில்குலைச் சான்றாக்கி அவர் வாதிட்டார். தர்க்கத்தின் அளவில் மொர்த்தைராவின் அச்சமும் நியாயமானதே. எல்லாரும் எப்படியும் மீட்கப்படுவர் என்றால், ஆபத்தான நாட்டை விட்டு வெளியேறி யூதராக வாழ வேண்டிய தேவை என்ன? ஆனால் தாயை லிஸ்பனில் புதைத்துவிட்டு வந்தவனுக்கு அபோஆபின் விடையே ஆறுதலாக இருந்திருக்கும். அந்நகரத்தின் மற்றோர் அறிஞராகிய மெனாசே பென் இஸ்ரவேல் 1651இல் வெளியிட்ட 'உயிர்மூச்சு' என்னும் நூலும் கில்குலை விரிவாக ஆதரித்தது. வெனிஸ் நகரத்து லியோன் மோதெனா (1571–1648) போன்றோர் இதனை யூதமல்லாத அயற்கருத்து என்றே இறுதிவரை எதிர்த்தனர்.

துன்பத்திற்குக் காரணம் கூறுதல்

குழந்தையின் நோய்க்கு விடையாகத் தொடங்கிய கோட்பாடு, அவ்விடையாலேயே இடர்ப்படும் இடமும் உண்டு. தந்தையரின் பாவத்தை இறைவன் மூன்றாம் நான்காம் தலைமுறையின் பிள்ளைகளிடம் விசாரிப்பதாக யாத்திராகமம் கூறுகின்றது. தந்தையின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை என்கின்றார் எசேக்கியேல் தீர்க்கதரிசி. மறைஞானியர் இம்முரணைத் தீர்த்த விதம் நயமானது: நான்காம் தலைமுறையில் பிறப்பவன் அதே தந்தைதான் என்றனர். நயம்தான், ஆனால் அதன்படி, துன்புறும் ஒவ்வொருவரும் குற்றவாளியாகவும் ஆகின்றார்.

2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இஸ்ரேலின் முன்னாள் தலைமை ரபி ஓவாதியா யோசேப் தமது வாராந்தர உரையில், நாஜிகளால் கொல்லப்பட்ட அறுபது இலட்சம் யூதர் முற்பிறவிகளில் பாவம் செய்த உயிர்களின் மீள்வருகை என்று கூறினார். நாடெங்கும் சினம் மூண்டது. வதைமுகாம்களில் உறவினரை இழந்தோர் கொதித்தெழுந்தனர். இறந்தோர் அனைவரும் தூயோரே என்று பின்னர் அவர் விளக்கமளித்தார். பிறவி நம்பிக்கையுள்ள எச்சமயத்தாரும் இந்நிகழ்ச்சியை அயலாரின் பூசல் என்று கடந்துவிட இயலாது. ஊனமுற்ற பிள்ளையின் தாயிடம் ஊழைக் காரணம் காட்டும் வழக்கம் நம்மிடையேயும் உண்டு. சாதியா பத்தாம் நூற்றாண்டில் இவ்விடையை ஏற்க மறுத்ததன் வலிமை இத்தகைய வேளைகளிலேதான் புலப்படுகின்றது.

இதற்கு நேர்மாறான பயனும் அதே கோட்பாட்டிலிருந்து பிறந்துள்ளது. கப்பாலாவின் தாக்கம் பெற்ற பல வழிபாட்டு நூல்களில், உறங்கப் போகுமுன் சொல்லும் மன்னிப்பு மன்றாட்டு ஒன்று காணப்படுகின்றது. தனக்குத் தீங்கிழைத்தவர் எவராயினும், இப்பிறவியிலாயினும் வேறு பிறவியிலாயினும், அவரை மன்னித்துவிட்டதாக ஒருவர் நாள்தோறும் அறிவிக்கின்றார். பிறரது துன்பத்திற்கு முற்பிறவியைக் காரணமாக்காது, தன் மனக்கசப்பை முற்பிறவிக்கும் சேர்த்துக் கைவிடும் மன்றாட்டு இது.

யோனாவின் இரண்டாம் அழைப்பு

பதினெட்டாம் நூற்றாண்டில் வில்னா நகரத்துப் பேரறிஞர் எலியா (1720–1797) யோனா நூலுக்கு எழுதிய உரை, பாடமாக எடுத்துரைக்க மிகவும் ஏற்றது. அவ்வுரையில் யோனா என்பது உயிர். கப்பல் என்பது உடல். ஒரு பணிக்காக உலகுக்கு அனுப்பப்பட்ட உயிர் அதனை மறந்து வேறு திசையில் பயணம் போகின்றது. புயல் எழுகின்றது, உயிர் உடலை விட்டு வீசப்படுகின்றது, மீனின் வயிற்றில் இருளை அறிகின்றது. மீன் அவனைக் கரையில் கக்கிய பின்னர், நினிவேக்குப் போ என்னும் அழைப்பு இரண்டாம் முறை வருகின்றது. அதுவே மறுபிறவி. யூதர்கள் பாவநிவிர்த்தி நாளின் பிற்பகலில் தொழுகைக்கூடங்களில் யோனா நூலை முழுவதுமாக வாசிக்கின்றனர். இரண்டாம் அழைப்பிலும் யோனாவிடம் புதிய பணி எதுவும் தரப்படவில்லை; முன்பு தட்டிக்கழித்த அதே நகரத்திற்குத்தான் அவன் போக வேண்டியிருந்தது.